பதினாறு நாள் அளவு

கீழத்தருவையில் கணக்கெடுக்க யார் வந்தாலும் முதலில் டி.வி.க்குப் போர்வை விழும். அடுத்து மிக்ஸி பரணுக்கு ஏறும். மோட்டார் சைக்கிள் பின்வாசல் வழியாக உடைமரக் காட்டுக்குள் போய் நின்றுகொள்ளும். ரேஷன் அட்டைக்குக் கணக்கெடுத்த காலத்தில் தொடங்கிய பழக்கம் இது. அப்போது ஒரே ஒரு வீட்டுக்காரர் மட்டும் இருப்பதை இருக்கிறபடி சொல்லித் தொலைத்தார். அடுத்த மாதமே அவர் அட்டைக்கு அரிசி நின்றுபோனது. அதன் பிறகு கணக்கெடுக்க வந்தவர்களிடம் உண்மை பேசுகிற துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. பொய் சொல்கிறோம் என்றுகூட அவர்கள் நினைத்ததில்லை. வந்தவருக்கு மோர் கொடுப்பது போல அதுவும் ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

அந்த ஊருக்குத்தான் தண்ணீர்ப் பெட்டி வந்தது.

ஊரைச் சுற்றி உப்பளம். கிணறெல்லாம் கரித்துப்போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. லாரித் தண்ணீரைக் குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்த நாற்பது கிராமங்களைச் சேர்த்து, கடல்நீரைக் குடிநீராக்கிக் குழாயில் கொடுப்பதற்காகக் கடலோர நீர் வட்டம் என்று ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். ஊரார் வாயில் அது வெறும் வட்டம். கீழத்தருவையில் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடுகிற ஆபரேட்டர் வேலை தங்கபுஷ்பத்துக்குக் கிடைத்தது. நாற்பத்து நான்கு வயது. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஊரில் அவள் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்புதான் பின்னால் வினையாக முடிந்தது.

பெட்டியைப் பற்றி விளக்க வட்டத்திலிருந்து விண்ணரசி என்ற இன்ஜினியர் வந்திருந்தார். சமுதாயக் கூடத்தில் எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைக் கையில் தூக்கிக் காட்டினார். சோப்பு டப்பா அளவுதான் இருந்தது.

"எல்லா வீட்டுக்கும் ஒரே விலைன்னு வச்சா இல்லாதவங்க தாங்க மாட்டாங்க. தலைக்கு இத்தனை லிட்டர்னு வச்சாலும் சரியா வராது. ஒரு வீட்டுல கைக்குழந்தை இருக்கும், ஒரு வீட்டுல உப்பளத்துக்குப் போறவர் இருப்பார். ரெண்டு வீட்டுத் தேவையும் ஒண்ணாகுமா? அதனால இது உங்க வீட்டுக் குழாயில உட்கார்ந்து பதினாறு நாள் கத்துக்கும். தண்ணி போற விதத்தை வச்சே இது குடிக்க, இது குளிக்க, இது துவைக்கன்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்கும். அப்புறம் உங்க வீட்டுக்குன்னு ஒரு நாள் அளவு போடும். அந்த அளவுக்குள்ள பத்துக் குடம் ஒரு ரூபாய்."

"அளவைத் தாண்டினா?" என்று பின்னாலிருந்து கேட்டான் லிங்கதுரை. தங்கபுஷ்பத்தின் சொந்த அண்ணன். உப்பளத்தில் வேலை.

"முதல்ல குடத்துக்கு ஏழு ரூபாய். இன்னும் தாண்டினா இருபது. பெட்டியிலயே விளக்கு இருக்கு. பச்சை எரிஞ்சா தேவைக்குள்ள இருக்கீங்க. மஞ்சள், சிவப்புன்னா தேவைக்கு மேல."

"ஏழையா பாத்துப் பச்சையா எரியுமா மேடம்?" என்றான் லிங்கதுரை. கூட்டம் சிரித்தது. விண்ணரசியும் சிரித்தார். நல்ல மனுஷி, இதையெல்லாம் நம்பித்தான் செய்தார்.

கூட்டம் முடிந்ததும் தங்கபுஷ்பத்தைத் தனியாக அழைத்தார். "வீடு வீடாப் போய் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. பதினாறு நாளும் எப்பவும் போல இருக்கணும். அது போதும்."

"சொல்லிருதேன் மேடம்" என்றாள் தங்கபுஷ்பம்.

சொன்னாள்தான். ஆனால் விண்ணரசி சொன்னதைச் சொல்லவில்லை. நிறையப் புழங்குகிறவனைப் பார்த்து, 'பாவம், இவனுக்கு நிறையத் தேவை' என்று எந்த ஆபீஸ் சலுகை கொடுத்திருக்கிறது? கரண்ட் மீட்டர் கொடுத்ததா, வீட்டு வரி கொடுத்ததா? வெளியூர்க்கார மேடத்துக்கு இது புரியாது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். நூற்று முப்பத்தெட்டு வீட்டு வாசலிலும் நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பெட்டி பாத்துக்கிட்டே இருக்கும். பதினாறு நாளும் பல்லக் கடிச்சுக்கிட்டு அளந்து புழங்குங்க. குளிக்க, துவைக்க ஊருணிக்குப் போயிருங்க. குடிக்க, பொங்க மட்டும் குழாய். தாராளமாப் புழங்குத வீடுன்னு பேர் வந்துச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் கட்டணும்."

"இதத்தான் நானும் நெனச்சேன் புஷ்பக்கா" என்றாள் அடுத்த வீட்டுச் சந்தனமாரி, இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக. "டி.வி.யவும் மூடணுமா?"

"அதுக்குக் கண்ணு கெடையாதுட்டி. தண்ணி மட்டுந்தான் தெரியும்."

ஐப்பசி மாதம். மழை பெய்து ஊருணி நிறைந்திருந்தது. உப்பளத்தில் வேலை நின்றிருந்ததால் ஆண்கள் உப்பைக் கழுவ வேண்டிய தேவையும் இல்லை. ஊர் ஒற்றுமையாகப் பல்லைக் கடித்தது. திருவிழாவுக்குக்கூட அப்படி ஓர் ஒற்றுமையைக் கீழத்தருவை பார்த்ததில்லை.

பதினேழாம் நாள் பெட்டிகளில் பச்சை எரிந்தது. லிங்கதுரை வீட்டில் அவன், மனைவி பிரம்மசக்தி, மகள் தர்ஷிகா, மூன்று பேர். அவர்களுக்கு அளவு நாற்பத்தெட்டு லிட்டர். சின்னக் குடத்தில் நாலு குடம். சந்தனமாரி வீட்டில் நாலு பேருக்கு ஐம்பத்தைந்து. தங்கபுஷ்பத்துக்குப் பதினாறு. முதல் மாதம் ஊருக்கே சந்தோஷம். பச்சைக்குள்ளேயே காலம் தள்ளிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

தை பிறந்தது. உப்பளம் திறந்தது. மாசியில் ஊருணி தரை தட்டியது. அப்போதுதான் பெட்டி என்ன செய்திருக்கிறது என்று தங்கபுஷ்பத்துக்கு விளங்கியது. காலையில் அரிசி களைந்து, பாத்திரம் கழுவி, இரண்டு குடம் பிடித்து வைத்தால் பச்சை அணைந்து மஞ்சள் வந்துவிடும். உப்பளத்திலிருந்து பதினோரு மணிக்கு ஆட்கள் திரும்பும்போது தெருவே மஞ்சளாகக் கிடந்தது.

பஸ் ஏறி வட்டத்து ஆபீசுக்குப் போய் விண்ணரசி முன்னால் நின்றாள். தான் ஊராரிடம் என்ன சொன்னாள் என்பதை மறைக்காமல் சொன்னாள். விண்ணரசி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எப்பவும் போல இருக்கச் சொல்லுங்கன்னுதானே சொன்னேன்?"

"நல்லதுக்குன்னு நெனச்சேன் மேடம். நீங்க கொஞ்சம் கூட்டிப் போட்டுருங்க."

"யாராலயும் போட முடியாது. அப்படித்தான் செஞ்சிருக்கோம். கையால மாத்த முடியும்னா முதல்ல யார் வீட்டு அளவு கூடும்னு உங்களுக்கே தெரியும். உங்க ஊர் உப்பளக் கான்ட்ராக்டர் வீட்டுக்குத்தான் கூடும். அதுக்குப் பயந்துதான் பூட்டு போட்டது." கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம் முடிஞ்சா எல்லாப் பெட்டியும் மறுபடி கத்துக்கும். அதுக்கு முன்னாலன்னா, வீட்டுல ஆள் எண்ணிக்கை மாறணும். மாறினா அன்னைக்கே தானா ஆரம்பிச்சிரும்."

"அப்போ ஊருல எல்லாரும் கல்யாணம் முடிக்க வேண்டியதுதான்" என்றாள் தங்கபுஷ்பம். சிரிக்கத்தான் பார்த்தாள், வரவில்லை.

அண்ணனைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. போன வருடம் அவனுக்குச் சிறுநீரகத்தில் கல் எடுத்திருந்தார்கள். உப்பு வேலைக்குப் போகிறவர் நாளைக்கு நாலு லிட்டராவது குடித்தாக வேண்டும், வந்ததும் உப்பு போகக் குளித்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். லாரித் தண்ணீர் காலத்தில் முனகிக்கொண்டாவது வாங்கிக் குடித்தான். அப்போது விளக்கு இல்லை. இப்போது குழாயடிக்குப் போனாலே முதலில் பெட்டியைப் பார்த்தான். தர்ஷிகாவுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஆடியில் முதல் தவணை கட்ட வேண்டும். மஞ்சளில் போகிற ஒவ்வொரு குடமும் அதிலிருந்து போகிறது என்று அவனுக்கு எண்ணம்.

"குடிண்ணே. மஞ்சளுக்கு நான் கொடுக்கேன்" என்று தங்கபுஷ்பம் அவன் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டாள். அவன் கெண்டைக்காலில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏளா, மஞ்சள்ல குடிச்ச தண்ணி வயித்துல தங்காது. நெஞ்சுலயே நிக்கும்." அவன் சிரித்தான். "நம்ம வீட்டுல இன்னைக்கு வரைக்கும் மஞ்சள் எரிஞ்சதில்ல, தெரியுமா? ஆபரேட்டர் அண்ணன் வீடுன்னா சும்மாவா?"

அவள் தன் வீட்டிலிருந்து ஒரு குடம் கொண்டு வைத்தாள். மறுநாள் அதே குடம், அதே தண்ணீரோடு அவள் வாசலில் இருந்தது. அவளுக்கும் மஞ்சள்தானே எரியும் என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கோபத்தில் அவனோடு நாலு நாள் பேசவில்லை. அந்த நாலு நாளையும் பிறகு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

வைகாசி வெயிலில் லிங்கதுரை உப்புப் பாத்தியிலேயே விழுந்தான். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோயிருந்தன. ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரம்மசக்தியிடம் கேட்டார்: "வீட்டுல ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பார்?"

"பச்சை எரியுத வரைக்கும்" என்றாள் அவள்.

டாக்டருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

சாவு வீட்டுக்குத் தண்ணீர் வெளியிலிருந்துதான் வரவேண்டும். கீழத்தருவையில் அது மாறாத முறை. பிணத்தைக் குளிப்பாட்ட ஊர்க் கிணற்றுக்கு மேளத்தோடு போய், வேட்டியை மேலே விரித்துப் பிடித்து, அதன் அடியில் நீர்மாலைக் குடம் எடுத்து வருவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சோறும் குழம்பும் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து வரும். குடிக்க, குளிக்கத் தண்ணீரை அக்கம்பக்கம் சுமந்து வரும். துக்கத்தில் இருக்கிறவள் குழாயடியில் போய் நின்றால் அது ஊருக்கே அவமானம்.

இதையெல்லாம் முன்னால் நின்று நடத்தியவள் தங்கபுஷ்பம். அண்ணனுக்கு உயிரோடு இருக்கும்போது கொடுக்க முடியாததை, மதினி பிரம்மசக்திக்காவது குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று ஒரு வெறி. யார் வீட்டுக் குடம் எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்று முறை போட்டுக் கொடுத்தாள். ஒரு தரம் தர்ஷிகா முகம் கழுவக் குழாயைத் திறக்கப் போனாள்.

"ஏட்டி, தொடாத! நாங்க என்னத்துக்கு இருக்கோம்?" என்று ஓடிவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மஞ்சள் எரிகிற தெருவிலிருந்து, ஏழு ரூபாய்க் குடங்களை வீடு வீடாக எடுத்து வந்து இறக்கினார்கள். ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளோடு அல்லாடுகிற சந்தனமாரிகூட ஒரு வேளை தவறவிடவில்லை.

"பெட்டியில வெளக்கே காணுமே புஷ்பக்கா" என்றாள் சந்தனமாரி ஒருநாள், குடத்தை இறக்கிக்கொண்டே. "அதுவும் துக்கம் கொண்டாடுது போல."

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். ஆமாம், விளக்கு அணைந்துதான் இருந்தது. ஏதோ கோளாறு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள், பிரம்மசக்தி அடுப்பைப் பற்றவைத்தாள். குழாயைத் திறந்தாள். பச்சை எரிந்தது. ஒரு குடம் நிறைந்து வழிவதற்குள் மஞ்சள். மூன்றாவது குடத்துக்குச் சிவப்பு. விஷயம் கேட்டு ஓடிவந்த தங்கபுஷ்பம் தன் கையிலிருந்த ஆபரேட்டர் கருவியில் அந்த வீட்டு எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

ஆட்கள்: இரண்டு. நாள் அளவு: பதினொரு லிட்டர்.

ஆள் எண்ணிக்கை மாறினால் அன்றைக்கே தானாக ஆரம்பித்துவிடும் என்று விண்ணரசி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பஞ்சாயத்தில் இறப்பைப் பதிந்த அன்றே பெட்டி கற்கத் தொடங்கியிருக்கிறது; கற்கிற நாட்களில் அதில் விளக்கு எரியாது. குளிக்காத, துவைக்காத, அடுப்பெரியாத ஒரு வீட்டைப் பதினாறு நாள் பார்த்திருக்கிறது. எப்போதாவது தெரியாத்தனமாகத் திறந்த குழாயைத்தான் அந்த வீட்டின் தேவை என்று எழுதிக்கொண்டிருக்கிறது. திறக்க விடாமல் தடுத்தது யார்?

முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான் மதினி. அன்னைக்கு அளந்து புழங்கச் சொன்னதும் நான். இன்னைக்குக் கொழாயத் தொடாதன்னு சொன்னதும் நான். ரெண்டு தரமும் நல்லது செய்யுதேன்னு நெனச்சுக்கிட்டுத்தான்…"

பிரம்மசக்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை அவளுக்கு. அதிகம் பேசுகிறவள் இல்லை. "நீ சொல்லாட்டாலும் நாங்க அப்படித்தான் இருந்திருப்போம் புஷ்பம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். தங்கபுஷ்பத்துக்கு ஆறவில்லை.

அடுத்த வாரம் தர்ஷிகா உப்பளக் கான்ட்ராக்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள் என்று தெரிந்தது. அம்மா சம்பளத்தில் தண்ணீருக்கே பாதி போனால் படிப்பு எங்கே என்று பதினெட்டு வயதுப் பிள்ளை தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தது. எந்தப் பாத்தியில் அப்பா விழுந்தாரோ அதே பாத்திக்குப் போகிறேன் என்கிறது.

அன்றைக்கே தங்கபுஷ்பம் மதினி வீட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். "ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க. அட்டையில பேரச் சேத்தா என் வீட்டு எண்ணிக்கை மாறும். பெட்டி புதுசாக் கத்துக்கும். பதினாறு நாள், மதினி. வெளக்கு கெடையாது, வெலை கெடையாது. இந்தத் தரமாவது ஒழுங்காப் புழங்கிக் காட்டுவோம். பிள்ளை படிக்கட்டும்."

பிரம்மசக்தி மறுக்கவில்லை. துணிமணியோடு லிங்கதுரை குளிக்கிற நீல வாளியையும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் தங்கபுஷ்பம் வீட்டுப் பெட்டியில் விளக்கு அணைந்தது.

கேட்க ஆளில்லை, கட்ட வேண்டியதில்லை. வேண்டிய மட்டும் குளித்து, துவைத்துப் புழங்கினாலே போதும். அதுதான் முடியவில்லை. பிரம்மசக்தி அரை வாளியில் குளித்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு குடத்துக்கும் இடையில் தலையைத் திருப்பி, எரியாத பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். தர்ஷிகா தம்ளரில் பாதிதான் பிடித்தாள். அரிசி களைந்த தண்ணீரில் தங்கபுஷ்பமே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்த பிறகுதான் அது உறைத்தது. வெறுமனே சிந்த விட்டால், அது புழக்கம் இல்லை என்று பெட்டி தள்ளிவிடும். மனுஷர்கள் புழங்கியாக வேண்டும். எட்டாம் நாள் கருவியில் பார்த்தாள். ஐம்பத்திரண்டு லிட்டர் காட்டியது.

"ஊத்துங்க மதினி!" என்று கத்தினாள். "இதுக்குத்தானே கூட்டியாந்தேன்? ஊத்திக் குளிங்களேன்!"

"ஊத்தணும்னுதான் போறேன் புஷ்பம்" என்றாள் பிரம்மசக்தி, கையைப் பார்த்துக்கொண்டு. "கை வரமாட்டேங்குது. நமக்கு இவ்வளவு எதுக்குன்னு தோணுது. அவரே குடிக்காமப் போயிட்டாரு."

அன்று ஞாயிற்றுக்கிழமை. மணி பதினொன்று இருக்கும். உப்பளத்திலிருந்து திரும்புகிறவர்களின் சைக்கிள் மணி தெருவில் கேட்டது. தங்கபுஷ்பம் ஆத்திரத்தோடு பின்கட்டுக்குப் போனாள். குழாயடியில் அண்ணனின் நீல வாளி கவிழ்ந்து கிடந்தது. என்ன நினைத்தாளோ, அதை நிமிர்த்தி வைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

வாளி பாதிக்கு மேல் போகும் சத்தம் கேட்டு, மூடுவதற்கென்று பிரம்மசக்தி ஓடிவந்தாள். நீல வாளியைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது. தண்ணீர் விளிம்பைத் தொட்டு வழிந்தது. இரண்டு பேரும் மூடவில்லை.

"கால்ல இருந்து ஊத்த ஆரம்பிப்பாரு" என்றாள் பிரம்மசக்தி. செம்பை எடுத்து, அவன் நிற்கிற உயரம் பார்த்து, துவைகல்லின் மேல் ஊற்றினாள். "முழங்காலுக்குக் கீழ தேச்சுத் தேச்சுக் கழுவுவாரு. அப்புறம் தலைக்கு. உப்பு போகணும்னா மூணு வாளி வேணும். லாரித் தண்ணிக் காலத்துல மூணு வாளி குளிச்சாரு."

மூன்று வாளியும் ஊற்றினாள். தனக்கென்று ஒரு சொட்டுக் கூட்டி ஊற்றாத கை, அவனுக்கென்றால் சளைக்காமல் ஊற்றியது. ஊற்றி முடித்துவிட்டு, அவன் இறந்ததிலிருந்து அழாத அழுகையை அங்கேயே நின்று அழுதாள். தங்கபுஷ்பமும் அழுதாள்.

அதிலிருந்து தினமும் அவனுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்புகிற நேரத்துக்கு ஒரு செம்பு. தர்ஷிகா வைப்பாள், காலையில் முருங்கைக்கு ஊற்றுவாள். பதினோரு மணிக்கு மூன்று வாளி. பிறகு அவ்வப்போது குடிக்க, டாக்டர் சொன்ன நாலு லிட்டர் கணக்கு தீரும்வரை. அவனுடைய பழைய வேலைச் சட்டையைக்கூடப் பிரம்மசக்தி ஒரு நாள் நன்றாக அலசிக் காயப்போட்டாள்.

பதினேழாம் நாள் காலையில் விண்ணரசி போன் செய்தார்.

"தங்கபுஷ்பம், உங்க வீட்டு அளவை அது முடிக்காம நிறுத்தி வச்சிருக்கு. மூணு பொம்பளைங்கன்னுதானே பதிஞ்சிருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"ஆனா நாலாவதா ஒரு ஆள் இருக்கார்னு காட்டுது. ஆம்பளை. உப்பளத்து வேலை. விடியுமுன்ன எந்திரிக்கிறார், பதினோரு மணிக்கு வந்து குளிக்கிறார், நிறையத் தண்ணி குடிக்கிறார். எட்டு நாளா ஒரு நாள் தவறல." "ஆள் இருந்தா நூற்று நாற்பது லிட்டர் வரும். இல்லைன்னா அதைக் கழிச்சிட்டு அம்பதுதான் போடும். ஆள் உண்டான்னு ஆபரேட்டர்கிட்ட கேட்டு நான் பதில் போடணும். இதுக்கு மட்டும் எனக்கு அனுமதி இருக்கு."

தங்கபுஷ்பம் பின்கட்டைப் பார்த்தாள். கொடியில் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. உயிரோடு ஐந்து மாதம் தன் வீட்டுக் குழாயடியில் வந்து வந்து நின்றவனைப் பெட்டிக்குத் தெரியவில்லை. இப்போது வேலை, நேரம், தாகம் என்று ஒன்று விடாமல் கண்டுபிடித்து வைத்திருந்தது.

"ஒருத்தர் இருக்காரு மேடம்" என்றாள்.

லிங்கதுரை இறந்த செய்தி விண்ணரசிக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் அவர்.

"வந்து போறவரா, நிரந்தரமான்னு கேட்குது" என்றார். குரல் மாறியிருந்தது.

"நிரந்தரம்" என்றாள் தங்கபுஷ்பம். "இனிமே எங்கயும் போமாட்டாரு."

மதியம் பச்சை எரிந்தது. பிரம்மசக்தி துணி துவைத்தாள். தர்ஷிகா தலைக்குக் குளித்தாள். சாயங்காலம் வரையிலும் பச்சை அணையவில்லை. ஆடியில் தவணை கட்டிவிடலாம் என்று மதினி வாயாலேயே சொன்னாள். தங்கபுஷ்பம் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். அது நெஞ்சிலேயே நின்றது.

இந்தப் பச்சை தையிலேயே எரிந்திருக்க வேண்டியது. அப்போது எரிந்திருந்தால் அண்ணன் இந்நேரம் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு உட்கார்ந்து அவளைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுப் பெட்டியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. சின்னவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

"ஏ புஷ்பக்கா, காலையில இருந்து பாக்கேன், ஒங்க வீட்டுல பச்சை மாறவே இல்லியே! என்னக்கா செஞ்சிய? எங்களுக்கும் சொல்லுங்களேன். அன்னைக்குச் சொன்ன மாதிரி வீடு வீடா வந்து சொல்லிட்டீங்கன்னா எல்லாரும் அப்படியே செஞ்சிருவோம்."

தங்கபுஷ்பம் அவளையும் அவள் இடுப்பில் இருந்த பிள்ளையையும் பார்த்தாள். குழாயடிக்குப் போய் நீல வாளியைத் தளும்பத் தளும்பப் பிடித்து, இரண்டு கையாலும் தூக்கி வேலிக்கு மேலாக நீட்டினாள்.

"மொதல்ல பிள்ளையக் குளிப்பாட்டு" என்றாள்.